ஏலத்தில் போன செடி

மயிலாப்பூர் கடைத்தெருவில் சர்க்கார் லைசென்ஸோடு ஒரு கஞ்சாக் கடை இருந்தது என்று சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். இருந்தது. கம்பி போட்ட ஜன்னல், மேலே ஒரு தகரப் பலகை, உள்ளே தராசோடு ஒருவர். ரேஷன் கடை மாதிரிதான். கைரிக்‌ஷா இழுப்பவர்கள், காவி கட்டியவர்கள், மூட்டை தூக்கி முதுகு ஒடிந்தவர்கள் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசையில் கக்கத்தில் கட்டை ஊன்றிக்கொண்டு என் அண்ணனும் நிற்பான். நான் எதிர்ச் சாரியில் பாத்திரக்கடை ஓரமாக, யாருக்கோ காத்திருப்பவள்போல நிற்பேன். பள்ளிக்கூட டீச்சர், அதுவும் தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகும் வேதக்காரக் குடும்பத்துப் பெண், அந்த ஜன்னல் பக்கம் தலை காட்ட முடியுமா? பீட் போலீஸ்காரர் அந்த வழியாகத்தான் நடந்து போவார். வரிசை ஒழுங்காக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார்.

அண்ணன் யுத்தத்தில் சண்டை போட்டவன் இல்லை. அசாம் பக்கம் ஒரு முகாமில் குமாஸ்தாவாக இருந்தான். லாரி ஒன்று கவிழ்ந்ததில் வலது கால் நசுங்கி, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் வேதனையே ஆரம்பித்தது. இல்லாத காலில் வலி. இல்லாத கட்டைவிரலை யாரோ குறடால் திருகுகிறார்கள் என்பான். டாக்டர்கள் மாத்திரை கொடுத்தார்கள், பிறகு இன்னொரு மாத்திரை கொடுத்தார்கள், கடைசியில் "மனசைத் தைரியமாக வைத்துக்கொள்" என்றார்கள். வலிக்காகத் திரும்பவும் போய்ச் சேர்ந்த ராணுவ ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த ஒருவர்தான் அவனுக்கு இந்த வழியைச் சொன்னவர். இலையை மிளகோடு அரைத்துப் பாலில் காய்ச்சி, சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் அரை டம்ளர். குடித்துவிட்டு ஜெபமாலை சொல்லி முடிக்கும்போது அவன் முகம் தளர்ந்திருக்கும். மறுநாள் காலை எழுந்து தி.நகரில் துணிக்கடைக்கு பில் எழுதப் போவான்.

அது அமிர்தம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வரிசையில் நின்ற சிலரின் கண்களைப் பார்த்தவள் நான். ஒருமுறை நானே கைப்பிடியால் எடுத்த அளவு கூடிப்போய், அண்ணன் சுவர் தன்மேல் சாய்வதாகச் சொல்லிக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகு ஒரு சின்னக் கரண்டி, அதற்கு மேல் ஒரு இலை கிடையாது.

பிறகு பட்டணத்துக்கும் மதுவிலக்கு வந்தது. தெருவுக்குத் தெரு கூட்டம், பஜனை, மாலை மரியாதை. சாராயக் கடையோடு கஞ்சாக் கடையும் மூடியாயிற்று. மூடட்டும். குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடிப்பவன் திருந்தினால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் இத்தனை காலம் தராசு பிடித்து விற்று வரியை எண்ணி வாங்கிக்கொண்டவர்கள், ஒரே நாளில் அதை வாங்கியவனைப் பார்த்து "சீ, பாவி" என்றார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அண்ணனுக்கு ஒரு அனுமதிச் சீட்டு கேட்டு நான் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினேன். ஒரு குமாஸ்தா மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்து, "அபினுக்குச் சீட்டு கேட்டால்கூட ஒரு நியாயம் உண்டும்மா. இதுக்கெல்லாம் கிடையாது" என்று சொல்லிவிட்டார். அப்போது அடையாறில் ஒரு பங்களாவில் நான் டியூஷன் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டுக்காரருக்கு இருதயம் பலவீனமாம். டாக்டர் சர்டிபிகேட் கொடுத்து, சர்க்கார் பெர்மிட் கொடுத்து, பிராந்தி பாட்டில் அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். அதே ஹாலில் அவர் மதுவிலக்குக் கமிட்டிக் கூட்டமும் நடத்துவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிள்ளைக்குப் பின்னக் கணக்கைச் சொல்லிக்கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வருவேன்.

கடைசிப் பொட்டலத்தின் அடியில் விதைகள் கிடந்தன. மந்தைவெளியில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் கிணறும், அதை ஒட்டிக் கொஞ்சம் மண்ணும் உண்டு. அம்மா அங்கே மாதா படத்துக்காகச் செண்டுப்பூ போட்டிருந்தாள். அந்த வரிசைக்குப் பின்னால் நான் விதைகளை ஊன்றினேன். அண்ணனுக்குப் பிடிக்கவில்லை.

"மாட்டினா உன் வேலை போயிடும். ஸ்கூல்ல ஒரு நாள் வச்சிருக்க மாட்டாங்க" என்றான்.

"நாம யாருக்காவது விற்கிறோமா? யாருக்காவது கொடுக்கிறோமா? நம்ம கிணத்துத் தண்ணி, நம்ம வீட்டு வலி. இதுல சர்க்காருக்கு என்ன வேலை?" என்றேன்.

"சட்டத்துல அப்படி எழுதலையே" என்றான். அதற்கு மேல் வலி அவனைப் பேச விடவில்லை.

அம்மாவிடம் மட்டும் மருந்துச் செடி என்று சொல்லி வைத்தோம். அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. அம்மா கஞ்சாச் செடியை எங்கே பார்த்திருக்கப் போகிறாள்? அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கோயில், குசினி, மகனின் கால். செடி வளர வளர எனக்குத்தான் பயமும் கூடவே வளர்ந்தது. மதிலுக்கு மேலே தலை தூக்கினால் நுனியைக் கிள்ளுவேன். மழைக்குப் பிறகு வாசனை கிளம்பினால் கிணற்றடியில் வேண்டுமென்றே வேப்பிலைப் புகை போடுவேன். வாசலில் யார் கூப்பிட்டாலும் திடுக்கென்றிருக்கும். திருடியே பழக்கமில்லாத எனக்குத் திருட்டு முழி வந்துவிட்டது. வகுப்பில் பிள்ளைகளிடம் பொய் சொல்லக் கூடாது என்று பாடம் எடுக்கும்போது நாக்கு தடுக்கும்.

இந்த விஷயம் தெரிந்த வெளி ஆள் ஒருவர்தான், அதுவும் தெரியும் என்று அவர் காட்டிக்கொண்டதே இல்லை. அண்ணனைத் தினமும் தி.நகருக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிக்கொண்டு வரும் ஜட்கா வண்டிக்காரர். எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர்தான். பூசையில் கடைசியில், கதவோரமாக நிற்பார். அண்ணனைத் தோளில் சாய்த்து வண்டியில் ஏற்றும்போது எங்களுக்கெல்லாம் வராத ஒரு பதனம் அவர் கைக்கு உண்டு. குதிரைக்குத் தண்ணீர் வேண்டும் என்று பின்பக்கக் கிணற்றுக்கு வருவார். ஒரு நாள் செண்டுப்பூ வரிசையை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"செடி நல்லா தளதளன்னு கீது டீச்சரம்மா. மாடு கீடு உள்ள பூந்துடப் போவுது. படலைச் சாத்தி வைங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அந்த வருஷம் மாதா பிறந்த நாள் திருவிழாவுக்கு முன்பு அண்ணன் ஒரு மாதம் போல வலியே இல்லாமல் இருந்தான். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் முதலில் காய்த்ததை, முதலில் பூத்ததைத் திருவிழாவன்று மாதா பீடத்தடியில் காணிக்கையாக வைப்பார்கள். பூசணிக்காய் வரும், வாழைத்தார் வரும், காலைக் கட்டிய சேவல் வரும். சாமியார் எல்லாவற்றுக்கும் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். பூசை முடிந்ததும், சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் கோயில் முற்றத்தில் நின்று ஒவ்வொன்றாக ஏலம் விடுவார். மந்திரித்த பொருள் என்பதால் போட்டி போட்டுக்கொண்டு எடுப்பார்கள்.

அன்று காலை நான் பாடல் குழுவோடு முன்னதாகவே கோயிலுக்குப் போய்விட்டேன். பூசை முடிந்து முற்றத்துக்கு வந்தால், உபதேசியார் கையில் ஒரு மண்ணெண்ணெய் டின். டின்னைச் சுற்றி ரோஸ் நிறக் காகிதம், காகிதத்தில் அம்மா கத்தரித்து ஒட்டிய வெள்ளைச் சிலுவை. டின்னுக்குள்ளே எங்கள் செடி.

"மகனுக்குச் சுகம் கொடுத்த மருந்துச் செடி! தாயார் நேர்ச்சை! ஒரு தரம்..." என்று அவர் கணீரென்று கூவிக்கொண்டிருந்தார். அம்மா முன்வரிசையில் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீரோடு நின்றிருந்தாள். முந்நூறு பேர் இருக்கும் முற்றம். ரிடையரான போலீஸ்காரர்கள் இரண்டு பேராவது இருப்பார்கள். யாரோ ஒரு கிழவர் கிட்டே போய் இலையைக் கசக்கி மோந்து பார்க்கக் கையை நீட்டினார்.

"எட்டணா!" என்று கதவோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. ஜட்காக்காரர். அதுவரை ஒரு எலுமிச்சம்பழத்துக்குக்கூட ஏலம் கேட்டறியாதவர். கூட்டம் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. "குதிரைக்கா?" என்று யாரோ கிண்டல் பண்ணினார்கள். அவர் நேரே வந்து, கிழவரின் கை படுவதற்குள் டின்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, வண்டிப் பக்கம் போய்விட்டார். நான் அப்போதுதான் மூச்சு விட்டேன். போய் நன்றி சொல்லவில்லை. சொன்னால் நான் ஒப்புக்கொண்டது போல ஆகிவிடுமே என்று நினைத்தேன்.

மூன்றாவது வாரம் போலீசார் கள்ளச்சாராயம் தேடிக் குதிரை லாயங்கள் இருந்த பகுதிக்குள் நுழைந்தார்கள். சாராயம் ஒரு சொட்டும் அகப்படவில்லை. வந்ததற்கு எதையாவது கொண்டுபோக வேண்டுமே! ஜட்காக்காரரின் லாயத்துக்குப் பின்னால், ரோஸ் காகிதம் சுற்றிய டின்னில், தண்ணீர் ஊற்றிப் பதனமாக வளர்த்த ஒரு செடி கிடைத்தது. அவரையும் டின்னையும் தெரு முழுக்க நடத்திக்கொண்டு போனார்கள். எங்கே கிடைத்தது என்று கேட்டதற்கு, "கோயில் ஏலத்துல எடுத்தேன்" என்றாராம். ஸ்டேஷனே சிரித்ததாம். யார் கொடுத்த காணிக்கை என்று கேட்டதற்கு மட்டும் வாயே திறக்கவில்லையாம். இதையெல்லாம் அவர் மனைவி எங்கள் வாசலில் நின்று அண்ணனிடம் சொன்னாள். நாளைக்கு அண்ணன் வேறு வண்டி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லத்தான் வந்திருந்தாள்.

நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அண்ணன் சொன்னான். பையைக்கூட இறக்கவில்லை, நேரே கிணற்றடிக்குப் போனேன். மிச்சமிருந்த நாலு செடியையும் வேரோடு பிடுங்கி, வெந்நீர் அடுப்பில் திணித்து எரித்தேன். அண்ணன் கட்டை ஊன்றிக்கொண்டு வந்து நின்றான்.

"யாரைக் கேட்டுப் பிடுங்கினே?" என்று கத்தினான். என்னிடம் அவன் அப்படிக் கத்தியதே இல்லை. "நான் ஸ்டேஷனுக்குப் போய்ச் செடி என்னுதுன்னு சொல்லப் போறேன்."

"நீ போனா உன்னை உள்ளே தள்ளுவான். நான் போறேன்" என்றேன்.

அம்மாவிடம் அப்போதுதான் விஷயத்தைச் சொன்னோம். அவள் என்னைக் கன்னத்தில் அறைந்தாள். இருபத்தாறு வயது டீச்சரை. கஞ்சா வளர்த்ததற்காக இல்லை. "என் கையால மாதாவுக்குப் பொய்யைக் கொண்டுபோய் வைக்க வச்சியேடி" என்று சொல்லிவிட்டு அழுதாள். அந்த அறைக்கு நான் தகுதியானவள்தான்.

மறுநாள் முதலில் உபதேசியாரிடம் போனேன். போலீசார் அன்று காலையே வந்து விசாரித்துவிட்டுப் போயிருந்தார்கள். "தென்னம்பிள்ளை ஏலம் போச்சு, வாழைக்கன்னு போச்சு. இப்படி ஒரு செடி போனதா ஞாபகம் இல்லைன்னு சொல்லிட்டேன்" என்றார். அவர் கூவியது என் காதில் இன்னும் இருந்தது. "நீங்கதானே ஒரு தரம், ரெண்டு தரம்னு கூப்பிட்டீங்க?" என்றேன். "உன் நன்மைக்குத்தாம்மா சொன்னேன்" என்றார். என் நன்மையாம்! அந்த நன்மைக்கு விலையாக ஒரு மனிதர் லாக்கப்பில் உட்கார்ந்திருந்தார்.

சாமியாரிடம் போனேன். "சர்வேசுரனுக்குத் தோத்திரம் சாமி" என்று சொல்லி முழங்காலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். "கோயில் பேர் கெடும் மகளே. பத்திரிகைக்காரன் என்ன எழுதுவான்? கஞ்சாவுக்குத் தீர்த்தம் தெளித்தார்கள் என்று எழுதுவான். நீ பாவசங்கீர்த்தனம் செய்துகொள். மன்னிப்புத் தருகிறேன்" என்றார். மன்னிப்பு யார் கேட்டார்கள்? எனக்குத் தேவைப்பட்டது ஒரு சாட்சி. கோயிலை விட்டு வெளியே வரும்போது தீர்த்தத் தொட்டியைத் தொடாமல் வந்தேன். அதுதான் முதல் தடவை.

அதற்கு மறுநாள் லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட மெல்லிய வாயில் புடவை கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குத் தனியாகப் போனேன். இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று நாற்காலி போடச் சொன்னார். டீச்சர் என்றதும் இன்னும் மரியாதை. வெளியே ஜட்காக்காரரின் மனைவி காலையிலிருந்து வெயிலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு யாரும் நாற்காலி போடவில்லை.

"அந்தச் செடி எங்க வீட்டுது. நான் வளர்த்தது. அம்மா தெரியாம கோயிலுக்குக் கொண்டுபோயிட்டாங்க. அவர் ஏலத்துல எடுத்தாரு, அவ்வளவுதான்" என்று சொன்னேன். குரல் நடுங்காமல் சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் பேனாவைக்கூடத் திறக்கவில்லை. "வண்டிக்காரன் பொண்டாட்டி வந்து அழுதாளா? இரக்கப்பட்டு வந்துட்டீங்க. நல்ல மனசு. ஆனா குடும்பத்துப் பொண்ணு இந்தப் படியெல்லாம் ஏறலாமா?" என்றார்.

"நான் சொல்றது நிஜம்."

"அப்படியா? எங்கே வளர்த்தீங்க? வாங்க, இப்பவே போய்ப் பார்ப்போம். செடி இருக்கா?"

"இல்ல. பிடுங்கிட்டேன்."

"எப்போ?"

"முந்தாநாள்."

அவர் சிரித்துவிட்டார். கேலிச் சிரிப்பு இல்லை, குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "பார்த்தீங்களா டீச்சர், உங்களுக்குப் பொய் சொல்லக்கூட வரலை. வீட்டுக்குப் போங்க" என்றார். கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு எனக்கு ரிக்‌ஷா பிடித்துக் கொடுக்கச் சொன்னார். என்ன பேசியும் அவர் எழுதிக்கொள்ளவில்லை. குற்றவாளி இப்படித்தான் இருப்பான் என்று அவர் மனதில் ஒரு படம் இருந்தது. அதில் அழுக்கு வேட்டியும் வெற்றிலைக் காவி ஏறிய பல்லும் இருந்தன. இஸ்திரி போட்ட புடவை இல்லை. கோர்ட்டுக்கும் போய் நின்றேன். என்னை யாரும் கூண்டுக்குக் கூப்பிடவில்லை. கால் மணி நேரத்தில் வழக்கு முடிந்தது. மூன்று மாதம்.

அண்ணனுக்கு வலி திரும்பி வந்தது. இனி தன் பெயரால் வீட்டில் எதுவும் வளரக் கூடாது என்று சொல்லிவிட்டான். துணியைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டு கிடப்பான். கடைக்குப் போகும் நாள் குறைந்தது. முதலாளி நல்லவர், கொஞ்ச நாள் பொறுத்தார். அப்புறம் பில் எழுத வேறு ஆள் வைத்துவிட்டார். அந்த மூன்று மாதமும் நான் சர்க்காரையும், உபதேசியாரையும், சாமியாரையும், அந்த இன்ஸ்பெக்டரையும் மனதாரத் திட்டித் தீர்த்தேன். அடையாறு பங்களாவுக்கு டியூஷன் போவதையும் நிறுத்தினேன்.

ஜட்காக்காரர் வெளியே வந்த செய்தி தெரியும். போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மயிலாப்பூர் மார்க்கெட்டில் ஒரு சனிக்கிழமை காலை எதிரெதிரே வந்துவிட்டோம். குதிரை இல்லை. தீனி போட வழியில்லாமல் மனைவி விற்றுவிட்டாளாம். வாழைக்காய் ஏற்றிய கைவண்டியை இழுத்துக்கொண்டு வந்தவர், என்னைப் பார்த்ததும் வண்டியை ஓரம் கட்டினார். உடம்பு பாதியாகியிருந்தது.

"அண்ணன் கால் இப்ப எப்டி கீது டீச்சரம்மா?" என்றார். முதல் கேள்வியே அதுதான்.

"அது என்ன செடின்னு உங்களுக்குத் தெரியும். எதுக்கு ஏலத்துல எடுத்தீங்க?"

"இன்னாம்மா இப்டி கேக்குற? அந்தக் கிய்வன் மோந்து பாக்கப் போனான். பெரியம்மா ஒண்ணும் தெரியாம கண்ணுல தண்ணி வுட்டுகினு நிக்குது. வேற இன்னா பண்றது?"

"சரி, கொண்டுபோய்த் தூக்கிப் போட்டிருக்கலாமே! மூணு வாரம் தண்ணி ஊத்தி வளர்த்தீங்களே!"

"சாமி தீர்த்தம் தெளிச்சதும்மா. மாதா காலடியில வச்சது. அத்தப் போயி குப்பையில போட கை வர்ல. பட்டுப்போனா கடல்ல வுடலாம்னு பாத்தேன். அது இன்னாடான்னா நல்லா தளதளன்னு வளந்துகினே கீது" என்று சொல்லிச் சிரித்தார்.

நான் நாலு செடியையும் எரித்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போனதை, நாற்காலி போட்டதை, இன்ஸ்பெக்டர் நம்ப மறுத்ததை எல்லாம் மளமளவென்று கொட்டினேன். எவ்வளவு கெஞ்சினேன் என்றும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"தெரியும்மா. நீ வந்துட்டுப் போனதை ஏட்டு சொன்னாரு. உன் மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல" என்றார். பிறகு, சும்மா பேச்சுக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "ஆனா அந்த நாலு செடில ஒண்ணை மட்டும் புடுங்காம வச்சுகினு வந்து சொல்லியிருந்தீன்னா, அவன் எழுதியிருப்பான்."

கைவண்டியை இழுத்துக்கொண்டு அவர் போய்விட்டார். அவர் சொன்னது எனக்குப் புதிதில்லை. ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன்பே, அடுப்பில் அந்தச் செடிகளைத் திணித்துக்கொண்டிருந்தபோதே, அது எனக்குத் தெரியும். அதனால்தான் நாலையும் எரித்தேன்.